பிச்சாவரம்: ஒரு முளைத்தண்டும் வீண்பழியும்

புளியங்கொட்டை முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொக்கி போல் வளைந்த ஒரு தண்டு முதலில் மண்ணைப் பிளந்து வரும். பிறகு நிமிர்ந்து, இரண்டு பருப்புகளையும் தூக்கிக்கொண்டு நிற்கும். வேருக்கு மேலே, விதையிலைகளுக்குக் கீழே இருக்கும் அந்தப் பகுதிக்கு விதையிலைக் கீழ்த்தண்டு என்று பெயர். ஆங்கிலத்தில் ஹைபோகாட்டில். முன்பு வழங்கிய நீளமான பெயரை இப்படிச் சுருக்கி எழுதியவர் சார்லஸ் டார்வின். மகன் பிரான்சிஸ் துணையோடு தாவர அசைவுகள் பற்றி 1880-ல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் இந்தத் தண்டு மரத்திலேயே தொங்குகிறது! சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் போல நீண்டு தொங்குவது காய் அல்ல, கீழ்த்தண்டு. சில இனங்களில் இது ஒரு முழத்தையும் தாண்டும். நீர் வற்றிய நேரத்தில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். நீர் ஏறியிருந்தால் மிதந்து சென்று வேறு இடத்தில் வேர்விடும்.

இவ்வளவு ஏற்பாட்டோடு பிறக்கும் கன்று இருந்தும் பிச்சாவரக் காடு ஏன் அழிந்தது?

ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை இந்தக் காடு பகுதி பகுதியாக மொட்டையடிக்கப்பட்டது. வெட்டிய இடத்தில் தானாகவே மரம் வளர்ந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து, நிலம் தாழ்ந்து தொட்டி போல் ஆனது. உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி ஆவியானது. உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்த மண்ணில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை.

பழி யார் மேல் விழுந்தது? விறகு வெட்டி, மாடு மேய்த்த சுற்றுவட்டார மக்கள் மேல்!

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வுதான் உண்மையைக் காட்டியது. முக்கியக் காரணம் மொட்டையடித்த முறையே. எனவே முதலில் கன்று நடவில்லை, கால்வாய் வெட்டினார்கள். மீன்முள் வடிவில் பெரிய கால்வாயும் கிளைக் கால்வாய்களும் அமைத்து, ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். உப்பு குறைந்த பிறகே நடவு. வனத்துறையோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தவர்கள், முன்பு பழி சுமந்த அதே கிராம மக்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று 2005-ல் ஆய்வுகள் வந்தன. கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமே காரணம் என்று வேறு சிலர் 2006-ல் மறுத்தார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று நிச்சயம். சுரபுன்னைக்கு நடவு செய்ய ஆள் தேவையில்லை. தண்ணீர் வந்து போக வழி இருந்தால் போதும், மீதியை அந்தப் பச்சைத் தண்டு பார்த்துக்கொள்ளும்.