ஆளுக்கேற்ற வண்டி



இலக்கியத் தொடரிலே மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். ஆனால் வண்டியைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ்ப் புலவர்கள் என்றுமே தயங்கியதில்லை. புறநானூற்றிலே ஒளவையார், அதியமானின் மகனாகிய பொகுட்டெழினியைப் புகழ வந்த இடத்தில் உப்பு வணிகரின் வண்டியையே உவமையாக எடுத்துக்கொள்கிறார். மேடும் பள்ளமுமான வழியிலே அச்சு முறியக்கூடும் என்பதை உணர்ந்த உமணர், வண்டியின் அடியிலே இன்னோர் அச்சைச் சேமமாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் தலைவன் என்பது பாடலின் கருத்து. வள்ளுவரும் பெருந்தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியை மறக்கவில்லை. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் மயிலிறகுங்கூட அச்சை முறிக்கும் என்று எச்சரித்தவரும் அவரே.

இவை உணர்த்தும் உண்மை ஒன்றுதான். வண்டி செய்பவன் ஒருவன். அதை ஓட்டுபவன் வேறொருவன். செய்பவன் வழியை அறியான்; ஓட்டுபவனே அறிவான். ஆகவே வழிக்கும் சுமைக்கும் தன் உடம்புக்கும் ஏற்ப வண்டியைத் திருத்திக்கொள்ளும் உரிமையும் பொறுப்பும் ஓட்டுபவனையே சார்ந்தவை. இந்த உண்மை சப்ரகமுவத் தோட்டங்களிலே எவ்வாறு மெய்யாயிற்று என்பதைச் சற்று நோக்குவோம்.

சப்ரகமுவ தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1889ஆம் ஆண்டிலாகும். கேகாலையும் இரத்தினபுரியும் அதன் இரு மாவட்டங்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் இம்மலைகளில் தேயிலையும், தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் பரவின. எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட, இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை என்று விரியும் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்களிற் பலர் நடந்தே வந்தார்கள். களனிவெளிக் குறுகிய ரயில் பாதை இரத்தினபுரியை 1912இலும் ஓப்பநாயக்கவை 1919இலும் எட்டியது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து லயத்துக்குப் போகும் வழி மட்டும் பழைய வழியாகவே இருந்தது. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. செம்மண், உருளைக்கல், அட்டை, கொண்டை ஊசி வளைவு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தோட்டத்துப் பாதை.

அப்பாதையில் முதலிற் சென்றது துரையின் குதிரை. குதிரைக்காரனுக்கு ஒரு வசதி இருந்தது. ஏறுபவரின் காலின் நீளத்துக்கு ஏற்ப அங்கவடியின் வாரைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. குதிரையின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்தபோது, அந்த வசதியும் அதனுடன் சேர்ந்தே வந்தது. பி.எஸ்.ஏ., ட்ரயம்ப், நோர்ட்டன் போன்ற பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாதம் வைக்கும் தண்டையும் கியர் நெம்புகோலையும் கழற்றி, வேண்டிய கோணத்தில் திருப்பிப் பூட்டலாம். கைப்பிடித் தண்டையும் சாய்க்கலாம். இருக்கை, கைப்பிடி, பாதத் தண்டு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். அந்த முக்கோணம் உடம்புக்குப் பொருந்தினால் எவ்வளவு நேரமும் ஓட்டலாம். பொருந்தாவிட்டால் சிறிது தூரத்திலேயே முதுகு வலிக்கும். இதை அன்றைய தொழிற்சாலைகள் அறிந்திருந்தன.

ஆனால் அந்த அறிவு யாருடைய உடம்பை எண்ணிப் பிறந்தது? உயர்ந்த, நீண்ட காலுடைய ஆங்கிலேயனின் உடம்பை எண்ணியே பிறந்தது. தோட்டத்தில் அதை ஓட்டியவரும் பெரும்பாலும் சின்னத்துரைதான். காலையில் பெரட்டுக்கும், பின்னர் கொழுந்து மலைக்கும், இறப்பர் பால்வெட்டு நடக்கும் இடத்துக்கும் அவர் மோட்டார் சைக்கிளிலே வருவார். தொலைவில் அதன் ஒலி கேட்டதும் கங்காணியின் குரல் தானாகவே உயரும் என்று முதியோர் சொல்வதுண்டு. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலே துரையும் கங்காணியும் கோப்பித் தோட்டமும் உயிரோடு உலவுவதைக் காண்கிறோம். அந்தத் துரையின் கையில் பிற்காலத்திலே வந்து சேர்ந்த அதிகாரச் சின்னம் மோட்டார் சைக்கிள் எனலாம். பார்த்தவர் பலர், தொட்டவர் துடைத்து வைத்தவர் மட்டுமே.

வண்டிகளை ஒப்பிட்டு நோக்கும்போது இந்த வரலாறு மேலும் தெளிவாகும். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயப் படைக்காகப் பெருந்தொகையிற் செய்யப்பட்டது பி.எஸ்.ஏ. எம்20. 496 கன சென்ரிமீற்றர் எஞ்சின். பாரம் மிக்கது; வேகம் குறைந்தது; ஆனால் மெல்ல ஓடும்போதும் இழுவை குன்றாதது. போர் முடிந்தபின் இவ்வகை வண்டிகள் உபரியாக விற்கப்பட்டன. பின்சில்லுக்கு வில் இல்லாத சட்டகம் ஆதலால் பாதையின் ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவரின் முதுகெலும்பிலே எழுதப்பட்டது. 1948இல் வந்த பி.எஸ்.ஏ. பான்ரம் அதற்கு நேர்மாறானது. ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் வடிவம் போர் இழப்பீடாகக் கிடைக்க, அதைத் தழுவிச் செய்யப்பட்ட 123 கன சென்ரிமீற்றர்ச் சிறுவண்டி அது. யாரும் தூக்கி நிறுத்தலாம். ஆனால் இருவர் ஏறி மலையேறினால் மூச்சு வாங்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவிலே நின்றது றோயல் என்பீல்ட் புல்லட். பின்சில்லுக்கும் வில் வைத்த சட்டகத்தோடு வந்த அவ்வண்டியை இந்தியப் படை விரும்பி வாங்கியது. 1955இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக என்பீல்ட் இந்தியா தோன்றியது. திருவொற்றியூரிலே தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் அந்நிறுவனம் 1970ஆம் ஆண்டளவில் மறைந்துபோயிற்று. தமிழ்நாட்டிலோ அதன் வண்டி இன்றும் பிறந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு அது ஆளுக்கேற்ப எத்தனை உருவங்களை எடுத்தது! சௌராஷ்டிரத்து உழவர்கள் புல்லட்டின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்னால் இருசில்லுப் பெட்டியைப் பூட்டிச் 'சக்கடா' என்னும் முச்சக்கர வண்டி ஆக்கினார்கள். எரிபொருள் மிச்சம் வேண்டியோருக்காக டீசல் எஞ்சின் பூட்டிய புல்லட்டும் ஒருகாலத்தில் விற்பனைக்கு வந்தது. இலண்டனிலே 1950களில் இளைஞர்கள் நோர்ட்டனின் சட்டகத்திலே ட்ரயம்பின் எஞ்சினைப் பொருத்தி 'ட்ரைட்டன்' என்று பெயரிட்டு வேகத்துக்காக ஓட்டினார்கள். அங்கே விளையாட்டு; சௌராஷ்டிரத்திலே பிழைப்பு. கைவேலை ஒன்றே, காரணங்கள் வேறு.

இந்த ஒப்பீட்டிலே பெருந்திருப்பம் யப்பானிலிருந்து வந்தது. 1958இல் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் என்னும் 49 கன சென்ரிமீற்றர் வண்டியை வெளியிட்டது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திச் செல்லும் கடைப் பையனும் மறு கையால் ஓட்டத்தக்கதாக அது இருக்கவேண்டும் என்பது வடிவமைத்தோரின் நோக்கம். அதனாற் கிளச் நெம்புகோலே இல்லாமற் செய்தார்கள். பாவாடை அணிந்தவரும் ஏறுவதற்கு நடுச்சட்டகத்தைத் தாழ்த்தினார்கள். கெட்ட பாதைக்காகப் பெரிய சில்லுகளை வைத்தார்கள். சேறு தெறிக்காமலிருக்கக் காலுக்கு மறைப்பு வைத்தார்கள். 2017ஆம் ஆண்டளவில் அவ்வினத்தில் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. எளிய மனிதனின் உடம்பையும் வேலையையும் முதலில் எண்ணி, பின்னரே வண்டியை எண்ணியதன் பலன் அது.

1977க்குப் பின் நம் நாட்டின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் ஹொண்டா சி.டி. 125, சி.டி. 200, அஞ்சற்காரருக்கென யப்பானிற் செய்யப்பட்ட சிவப்பு நிற எம்.டி. 90 முதலியன நம் பாதைகளிலே பெருகின. பின்னர் இந்திய வண்டிகள் வந்தன. தோட்டங்களோ 1975இல் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகத்துக்காகக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. துரையின் முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் மெல்ல மெல்லக் கணக்கப்பிள்ளை, டீமேக்கர், பாடசாலை ஆசிரியர் ஆகியோரிடம் இறங்கி வந்தது. அதன்பின் லயத்து வாசலுக்கும் வந்துவிட்டது. கொழும்பிலே உழைத்த மகனோ, தவணை முறையிலே பணம் கட்டத் துணிந்த தந்தையோ அதைக் கொண்டுவந்தார்கள். ஏழு தலைமுறையாக நடந்த கால்கள் முதன்முறையாகப் பாதத் தண்டிலே ஏறின.

ஏறியதும் எழுந்த முதற் சிக்கல் காலிலேதான். ஆங்கில வண்டிகளில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருந்தன. யப்பானிய வண்டிகளில் அப்படியே மாறி, கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில். பழைய புல்லட்டிற் பழகியவர் புதிய ஹொண்டாவில் ஏறிப் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால், இறக்கத்தில் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இயந்திரத்தை மாற்றுவது எளிது. பழகிய காலை மாற்றுவதே அரிது.

அடுத்தது மலையின் சிக்கல். இங்கேதான் நம் ஊர்க் கராஜ் பாஸ்மாரின் கணக்கறிவு வெளிப்படுகிறது. எஞ்சினுடன் சேர்ந்த முன் பற்சில்லில் 14 பற்களும், பின்சில்லின் பற்சில்லில் 42 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். முன்சில்லு மூன்று முறை சுற்றினாற் பின்சில்லு ஒருமுறை சுற்றும். முன்னே 13 பல்லுடைய சில்லைப் பூட்டினால் அந்த விகிதம் ஏறத்தாழ 3.23 ஆகிவிடும். இழுவை நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு கூடும். அதே அளவுக்கு உச்ச வேகம் குறையும். கொழுந்து மூட்டையோ இறப்பர்த் தாளோ ஏற்றிச் செல்பவருக்கு இது இலாபம். அவிசாவளைக்கும் கொழும்புக்கும் தினமும் போகின்றவருக்கு இதுவே நட்டம். எஞ்சின் வீணே அலறும், பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும். ஆகவே 'எந்த வண்டி நல்லது?' என்ற கேள்விக்கு விடை கிடையாது. 'யாருக்கு, எந்த வழிக்கு, எந்தச் சுமைக்கு?' என்று கேட்டால்தான் விடை பிறக்கும்.

இன்னும் சில திருத்தங்கள் உண்டு. பின்வில்லின் இறுக்கத்தைச் சுமைக்கேற்பக் கூட்டுதல், குட்டையானவருக்காக இருக்கையின் பஞ்சைச் செதுக்குதல், கைப்பிடியைச் சற்று உயர்த்தி முன்னோக்கிக் குனியாமற் செய்தல், சறுக்கலுக்கு ஏற்ற ஆழ்ந்த வரியுள்ள ரயர் போடுதல், விழுந்தாற் காலைக் காக்கும் இரும்புக் காப்புப் பூட்டுதல் என்பன அவை. இவையெல்லாம் பகட்டுக்காக அன்று. இருக்கையிலிருந்து இரு பாதங்களும் நிலத்திலே ஊன்றாத ஒருவர், ஈரமான கொண்டை ஊசி வளைவிலே வண்டியை நிறுத்த நேர்ந்தால் விழுந்தே தீருவார். ஓரங்குலம் பஞ்சு அவரைக் காப்பாற்றும்.

ஆனால் திருத்தம் வேறு, சிதைவு வேறு என்பதையும் நம் இளைஞருக்கு உணர்த்தவேண்டியவர்களாயிருக்கிறோம். சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்புவது திருத்தம் அன்று. கண்ணாடியையும் மட்காட்டையும் அகற்றுவதும், தாங்காத சட்டகத்திலே மூட்டைமேல் மூட்டையாக ஏற்றுவதும் திருத்தம் அல்ல. மயிலிறகு உவமையை அவர்களுக்காகவே வள்ளுவர் சொன்னாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் பதியப்பட்ட வண்டியைத் தன் விருப்பம்போல் மாற்றிவிட எவரையும் விடுவதில்லை. சட்டத்துக்கு அஞ்சியல்ல, எதிரே வருபவரின் உயிருக்கு மதிப்பளித்தே இதை நாம் ஏற்கவேண்டும்.

அண்மைக் காலத்துச் சோதனையும் இதே பாடத்தைக் கற்பித்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கீடு தொடங்கியது. புதிய வண்டி இல்லை; பழையதன் விலையோ எட்டாத உயரத்தில். அப்போது கைவிடப்பட்டுக் கோழிக் கூட்டருகே கிடந்த பழைய வண்டிகளெல்லாம் மீண்டும் கராஜுக்கு வந்தன. ஒன்றின் காபரேட்டரும் இன்னொன்றின் சில்லும் சேர்ந்து மூன்றாவது வண்டி ஓடியது. உமணரின் சேம அச்சு ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் நமக்கு உதவியது என்றே சொல்லவேண்டும்.

நேயர்களே, இன்று தோட்டத்திலிருந்து ஆசிரியையாகவும் தாதியாகவும் போகும் நம் பெண் பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலே அழுந்த மலையேறிய தாயின் மகள், தன் உயரத்துக்கு ஏற்றதாய்ப் பார்த்து ஒரு வண்டியைத் தெரிவு செய்கிறாள். கண்ணாடியைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைக்கிறாள். மிகச் சிறிய செயல்தான். எனினும், பிறர் அளந்து வைத்த வீட்டிலும் பிறர் குறித்த நேரத்திலும் பிறர் நிறுத்த கொழுந்தின் கணக்கிலும் வாழ்ந்த ஒரு சமூகத்திலே, ஒரு பொருள் தன் அளவுக்கு அமையவேண்டும் என்று கேட்பது சிறிய செயல் அன்று.

2023இல் மலையகத்தின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்ததை மறவாதிருத்தல் கடமை. அதேவேளை, லயமும் பாதையும் பாடசாலையும் காணி உறுதியும் மனிதருக்குப் பொருந்த அமைகின்றனவா, மனிதரே அவற்றுக்குப் பொருந்தக் குறுகுகிறார்களா என்று கேட்பதும் கடமை. வண்டியிலே அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றவர்கள் மற்றவற்றிலும் கேட்பார்கள் என்று நம்புவோமாக.