சதிருக்காக வாதாடிய வக்கீல்

சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களில் பரதநாட்டியப் பெண்ணின் படத்தை நிறையப் பார்த்திருப்போம். தமிழ்ப் பண்பாடு என்றாலே அந்தப் படம்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி, இதே ஆட்டத்தை மேடையேற்றலாமா கூடாதா என்று பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. அதில் ஆட்டத்தின் பக்கம் நின்று எழுதியவர் நம்ம தெற்கத்திக்காரர், இ. கிருஷ்ணய்யர்.

1897-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். சென்னையில் வக்கீல் தொழில். சுதந்திரப் போராட்டத்திலும் இருந்தார், பாரதி பாட்டைப் பாடிப் பரப்பினார். சதிரைப் பற்றிச் சும்மா கேள்விப்பட்டு எழுதியவர் இல்லை. முறையாகக் கற்று, பெண் வேஷம் கட்டி மேடையிலேயே ஆடிக் காட்டியவர்.

1931-இல், தாம் செயலாளராக இருந்த மியூசிக் அகாடமியில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை ஆட வைத்தார். அடுத்த வருஷம் பொப்பிலி ராஜாவுக்குக் கொடுத்த வரவேற்பில் சதிர் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். கிருஷ்ணய்யர் பதில் எழுதினார். வாரக்கணக்கில் வாதம் ஓடியது.

இதில் ஒருத்தரை நல்லவர், இன்னொருத்தரைக் கெட்டவர் என்று பிரித்துவிட முடியாது. சின்னப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ரெட்டியின் கவலை. வழக்கத்தோடு சேர்த்துக் கலையையும் புதைத்துவிடாதீர்கள் என்பது கிருஷ்ணய்யரின் கவலை. ரெண்டுமே நியாயமான கவலைதான்.

'சதிர்' என்ற சொல்லில் ஒட்டியிருந்த இழிவு போக, 'பரதநாட்டியம்' என்ற பெயரை முன்னே கொண்டு வந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1935-இல் ருக்மிணி தேவி மேடையேறினார். மத்தியதர வீட்டுப் பெண்களும் பிராமணப் பெண்களும் சலங்கை கட்ட ஆரம்பித்தார்கள். 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டமும் வந்தது.

ரெட்டி கேட்டது கிடைத்தது. கிருஷ்ணய்யர் கேட்டதும் கிடைத்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பத்துப் பெண்களில் பாலசரஸ்வதி மாதிரி ஒரு சிலர் தவிர, மற்றவர்கள் மெல்ல மேடையிலிருந்து காணாமல் போனார்கள்.

கிருஷ்ணய்யர் 1968-இல் மறைந்தார். அவர் வாதாடிய வழக்கு ஜெயித்துவிட்டது. அந்த ஜெயத்தில் கல்யாணியின் மகள்கள் போன்றவர்களுக்கு என்ன பங்கு கிடைத்தது? அடுத்த தடவை காலண்டரில் அந்தப் படத்தைப் பார்க்கும்போது இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.