ஒரு கொத்து அரிசியும் கரும்பலகையில் கீறிய ஒரு கோடும்

உயர்தர வகுப்பில் பொருளியல் தொடங்கிய முதல் மாதத்திலேயே நாம் அந்த வரைபடத்தைக் கீறிவிடுவோம். மேலிருந்து கீழே இறங்கும் கோடு கேள்வி. கீழிருந்து மேலே ஏறும் கோடு நிரம்பல். இரண்டும் வெட்டும் இடம் சமநிலை விலை. அதற்குக் கீழே படுக்கையாக இன்னொரு கோடு கீறி "உச்ச விலை" என்று எழுதுவோம். போன கிழமை அந்தக் கோட்டைக் கீறியவுடன் பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அரசாங்கம் விலையைக் குறைச்சா சனங்களுக்கு நல்லதுதானே? இதை ஏன் பிரச்சினை எண்டு படிக்கிறம்?"

நல்ல கேள்வி. பரீட்சைக்கான பதில் இரண்டு வரிதான்: மிகைக் கேள்வி ஏற்படும், தட்டுப்பாடு வரும். ஆனால் அந்தப் படுக்கைக் கோட்டுக்குக் கீழே நம் நாடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. வகுப்பில் நேரம் போதாததால் அந்தக் கதையை இங்கே எழுதுகிறோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. நிரம்பல் திடீரென்று விழுந்தால் விலை ஏறும். சந்தையை அப்படியே விட்டிருந்தால் காசுள்ளவன் சாப்பிட்டிருப்பான், மற்றவன் பட்டினி கிடந்திருப்பான். அதனால் அந்த வருடம் பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகம், சங்கக் கடை, ஆளுக்கு இத்தனை கொத்து என்ற கணக்கு எல்லாம் அப்போது தொடங்கியவை. போர்க்காலத்துக்கு அது சரியான முடிவு என்பதே நம் எண்ணம். போர் முடிந்தது, கூப்பன் முடியவில்லை.

மலிவு விலை ஒரு தடவை வந்துவிட்டால் அது விலையாக இருப்பதில்லை, வாக்குறுதியாக மாறிவிடுகிறது. கொரியப் போர்க் காலத்தில் நமது இறப்பருக்கு உலகில் நல்ல விலை. அந்தக் காசில் வெளியே கூடிய விலைக்கு அரிசி வாங்கி, உள்ளே கொத்து 25 சதத்துக்குக் கொடுக்க முடிந்தது. பிறகு இறப்பர் விலை விழுந்தது, அரிசி விலை விழவில்லை. 1952 இல் சீனாவுடன் செய்த இறப்பர் - அரிசி ஒப்பந்தம் கொஞ்சம் கைகொடுத்தது. ஆனாலும் திறைசேரி தாங்கவில்லை. 1953 ஜூலையில் டட்லி சேனாநாயக்கவின் அரசு, ஜே.ஆர். ஜயவர்தன நிதி அமைச்சராக இருந்தபோது, கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஏறக்குறைய மூன்று மடங்கு, ஒரே நாளில்.

பாடத்தில் "நெகிழ்ச்சி" என்று ஓர் அலகு வரும். சவர்க்காரம் விலை ஏறினால் வேறு சவர்க்காரம் வாங்கலாம். சோற்றுக்கு அப்படி இல்லை. விலை ஏறினாலும் வாங்கியே ஆக வேண்டும், மற்றச் செலவைத்தான் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு மற்றச் செலவே இல்லாத வீடு என்ன செய்யும்? அந்த ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். அதற்குப் பிறகு அரிசி விலையில் கைவைக்க எல்லோருக்கும் பயம். 1970 தேர்தலில் இரண்டு கொத்து அரிசி மேடை வாக்குறுதியாகவே ஆனது.

இப்போது நம்ம பக்கம் வருவோம். கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளில் விளைந்த நெல் நாட்டுக்கே சோறு போட்டது. கூப்பன் அரிசியை வாங்குபவனும் நெல்லை விற்பவனும் நம் ஊரில் ஒரே வீட்டில் இருந்தார்கள். உம்மாவுக்கு அரிசி மலிவாக வேண்டும், வாப்பாவுக்கு நெல் நல்ல விலைக்குப் போக வேண்டும். கரும்பலகையில் இரண்டு கோடு. வீட்டில் ஒரே பாய்.

1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை சட்டமாக்கப்பட்டது. கொஞ்ச காலத்தில் நெல்லை அந்தச் சபைக்குத்தான் விற்க வேண்டும், தனியார் அரிசி கொண்டுபோகக் கூடாது என்ற நிலை வந்தது. வீதிகளில் தடை போட்டு பஸ்ஸை நிறுத்தி, பையைத் திறந்து அரிசி இருக்கிறதா என்று பார்த்தார்கள். எங்கள் மூத்தம்மா கண்டியில் இருந்த மகளைப் பார்க்கப் போகும்போது தலையணை உறைக்குள் அரிசியைத் தைத்துக்கொண்டு போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எட மனே, சொந்த வயல் அரிசிய களவெடுத்த மாதிரி கொண்டு போனேன்" என்பார்.

சிரிப்புக்கு அடியில் பாடம் இருக்கிறது. அரிசி மிகுந்த இடத்தில் விலை குறைவு, இல்லாத இடத்தில் கூட. அந்த வித்தியாசம்தான் லொறிக்காரனை மூடை ஏற்ற வைக்கிறது. தடை போட்டால் வித்தியாசம் அழியாது, இன்னும் விரியும். வித்தியாசம் விரிந்தால் களவாகக் கடத்துவதில் இலாபம் கூடும். சபை கொடுத்த விலை கட்டுப்படாதபோது விவசாயி நெல்லை வீட்டிலேயே வைத்துக்கொண்டான்.

1973 இல் உலகச் சந்தையிலும் தானிய விலை எகிறியது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை; எல்லாப் பிழையும் கொழும்பில் நடந்ததல்ல. கூப்பன் அளவு குறைந்தது, பாணுக்கு வரிசை நின்றது, மரவள்ளி சோறானது. வயலில்லாத, தடையைத் தாண்டி அரிசி கொண்டுவர ஆளில்லாத மலையகத் தோட்ட மக்கள்தான் அதிகம் பட்டார்கள். 1974 இல் தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியது. சந்தையும் கைவிட்டு, பங்கீடும் போதாமல் போனால் நடப்பது அதுதான். அதே காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் யாழ்ப்பாணத்து விவசாயி நன்றாக இருந்தான். 1977 இல் கதவு திறந்ததும் அவன் தலையில் விழுந்தது. ஒரே கட்டுப்பாடு ஒருவனுக்குப் பசி, இன்னொருவனுக்குக் கல்வீடு.

இதைப் பேசும்போதெல்லாம் யாராவது ஹதீஸைக் கொண்டுவருவார்கள். மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி ஸஹாபாக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் அப்படிச் செய்யவில்லை என்பது உண்மை. அதோடு நிறுத்திவிடக் கூடாது. பதுக்கலை அவர்கள் கண்டித்ததும் உண்மை. மக்களுக்குத் தேவையான பொருளைப் பதுக்கி வைத்திருப்பவனை நியாயமான விலைக்கு விற்கும்படி ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என்று பின்னால் இப்னு தைமிய்யா எழுதினார். விலை ஏன் ஏறியது என்று முதலில் கேள், பொருள் இல்லாமலா, ஒளித்து வைத்ததாலா? நாம் அதை இப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

1978 இல் கூப்பன் அரிசி மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979 இல் உணவு முத்திரை வந்தது. அரிசியின் விலையை அமுக்காமல் ஏழையின் கையில் பெறுமதியைக் கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் முத்திரையில் அச்சடித்த ரூபா அப்படியே நிற்க, கடையில் விலை வருடா வருடம் ஏறியது. சில வருடத்தில் அந்த முத்திரைக்குக் கிடைத்த அரிசி பாதியாகிப் போனது.

பின் வாங்குப் பிள்ளைக்கு இதெல்லாம் பழங்கதை. ஆகவே 2021 செப்டெம்பரை ஞாபகப்படுத்தினோம். அரிசிக்கு உச்ச விலை வர்த்தமானியில் வந்தது, மாத முடிவில் வாபஸ் ஆனது. ஒக்டோபரில் கட்டுப்பாட்டை எடுத்ததும் 1,493 ரூபா விற்ற காஸ் 2,675 ஆனது. அடுத்த வருடம் பெற்றோல் வரிசை. வரிசையிலேயே முதியவர்கள் இறந்தார்கள். 450 ரூபா லீற்றருக்கு ஒரு மேசன் இரண்டு நாள் வேலையை விட்டு நின்றால் அவனுக்கு அந்தப் பெற்றோல் 450 ரூபா அல்ல. இழந்த இரண்டு நாட் கூலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமையச் செலவு என்பது அதுதான். பரீட்சையில் வரைவிலக்கணம் எழுதத் தெரியாதவனும் அதைக் கட்டியிருக்கிறான்.

பிறகு வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். யோசித்துப் பாருங்கள், போனுக்குள் வந்த கூப்பன் புத்தகம். டொலர் இல்லாத நாட்டில் வரிசையை விட அது நியாயமாக நடந்தது என்றே நாம் சொல்வோம். 2023 செப்டெம்பரில் அதை நிறுத்தவும் முடிந்தது. 1942 இன் கூப்பனை நிறுத்த எத்தனை வருடம் எடுத்தது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். கணக்குப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

வீட்டில் பழைய கூப்பன் புத்தகம் யாரிடமாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தடை தாண்டி அரிசி கொண்டுபோன மூத்தவர்கள் இருந்தால் அவர்களின் கதையை ஒலிப்பதிவாகவாவது அனுப்புங்கள். அடுத்த கிழமை வகுப்பில் அதே வரைபடத்தைத்தான் மீண்டும் கீறப் போகிறோம்.