பொறியின் இரட்டை முகடும் இரண்டாம் தலைமுறையும்: பூசணித் தண்டுதுளைப்பான் குறித்து ஒரு மறுப்பு

தாடியஸ் வில்லியம் ஹாரிஸ் 1828-இல் விவரித்த பூசணித் தண்டுதுளைப்பான், மெலிட்டியா குக்கர்பிடே, தென் கரோலினா போன்ற அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காண்கிறது; மின்னசோட்டாவில் ஒன்றே. இவ்விரு முனைகளிலும் தகராறு இல்லை. தகராறெல்லாம் இடைப்பட்ட நிலப்பரப்பில்தான். அங்கே இனக்கவர்ச்சிப் பொறியில் விழும் பூச்சிகளின் வாராந்தரக் கணக்கு இரண்டு முகடுகளாக எழுந்தால், பின்முகட்டை இரண்டாம் தலைமுறை என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. அந்த வரைபடம் இவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது என்பதே என் வாதம்.

முதலில், பொறி எதை எண்ணுகிறது? ஆண் பூச்சிகளை மட்டும். அவையும் பறந்தால்தான் விழும். அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை; இதுவோ குளவியின் சாயலோடு பகல் வெயிலில் பறப்பது. மழையும் மேகமூட்டமுமாக ஒரு வாரம் கழிந்தால் பொறி காலியாகக் கிடக்கும், வயலில் பூச்சி இருந்தாலும். வெயில் திரும்பியதும் எண்ணிக்கை ஏறும். ஒரே தலைமுறையின் நடுவே வானிலை வெட்டிய பள்ளம், வரைபடத்தில் இரண்டு தலைமுறைகளுக்கு இடையிலான இடைவெளியாகத் தோற்றம் தருகிறது. பொறிக்கணக்கின் அருகில் அந்தந்த நாளின் மழையளவைப் பதிக்காத எந்த வரைபடத்தையும் தலைமுறைச் சான்றாக ஏற்கத் தயங்குகிறேன்.

பள்ளத்துக்கு மண்ணும் காரணமாகலாம். முழுவளர்ச்சி பெற்ற புழு மண்ணுக்குள் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. மேலாகக் கிடக்கும் கூடும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் கூடும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை; அதனால் ஒரே தலைமுறை இரண்டு அலைகளாகவும் வெளிவரலாம். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை அடிவரம்பாக வைத்து ஏறத்தாழ 1000 வெப்பநாள் அலகுகள் (அன்றாடச் சராசரி வெப்பம் அடிவரம்பைத் தாண்டும் அளவுகளின் கூட்டுத்தொகை) சேரும்போது பூச்சி வெளிவரத் தொடங்கும் என்ற விதி, காற்றின் வெப்பத்தைக் கொண்டு போட்ட கணக்கு. அது தொடக்கத்தைச் சொல்லும். வெளிவருதல் எத்தனை வாரம் நீளும் என்பதைச் சொல்லாது.

இதைவிட வலுவானது எளிய கூட்டல். முட்டை பொரிக்க ஒன்று முதல் இரண்டு வாரம், தண்டுக்குள் புழுப்பருவம் நான்கு முதல் ஆறு வாரம். கூட்டுக்குள் கழியும் காலத்தைச் சேர்க்காமலேயே குறைந்தது ஐந்து வாரம் ஆகிவிடுகிறது. ஆகவே மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் நிற்கும் இரு முகடுகள் தாயும் பிள்ளையுமாக இருக்க வழியே இல்லை. இடைவெளி எட்டு, ஒன்பது வாரமானால் பேசலாம்; அப்போதும் அது சாத்தியம் மட்டுமே, சான்று ஆகாது.

செப்டம்பரில் தண்டைப் பிளந்தால் சிறு புழுக்கள் கிடைக்கின்றனவே என்பர். ஆகஸ்டில் தாமதமாக வெளிவந்த தாய்ப்பூச்சி இட்ட முட்டையிலிருந்தும் அவை வந்திருக்கலாம். முட்டைக் கணக்கிலும் இரட்டை முகடு உண்டு என்பது மறுப்பே அல்ல. முட்டையிடும் பூச்சிக்கும் அதே மழைதான். புவி வெப்பமடைதலைக் காட்டி இரண்டாம் தலைமுறை வந்தே தீரும் என்போர், நடக்கக்கூடியதை நடந்ததாக எழுதுகிறார்கள்.

சரியான சான்று மண்ணுக்குள் இருக்கிறது. குளிர்காலத்தைத் தாண்ட வேண்டிய புழு கூட்டுக்குள் புழுவாகவே உறங்கும். வசந்தத்தில்தான் பெரும்பாலும் கூட்டுப்புழுவாக மாறும். ஆகவே அவ்வாண்டுச் செடியை விட்டு இறங்கிய புழுக்களின் கூடுகளை ஆகஸ்டு நடுவில் தோண்டிப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே கூட்டுப்புழுவோ, பூச்சி வெளியேறிய வெற்றுத்தோலோ இருந்தால் இரண்டாம் தலைமுறை உண்டு. எல்லாம் புழுவாகவே சுருண்டிருந்தால் அந்த வயலில் அந்த ஆண்டு இல்லை. முந்தைய ஆண்டின் கூடுகள் கலந்துவிடாதிருக்க, பூசணி முன்பு பயிராகாத நிலத்தில் வலைக்கூண்டுக்குள் செடி வளர்த்து, புழு ஏற்றிச் செய்வது நல்லது. சிரமமான வேலைதான்; பொறியைத் தொங்கவிடுவது எளிது என்பதால்தான் இத்துறையின் ஆய்வுக்கட்டுரைகள் முழுக்கப் பொறிகள் தொங்குகின்றன.

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டையல்ல. ஒரு தலைமுறைப் பகுதியில் ஜூலைத் தொடக்கத்தில் விதைத்த சுக்கினி, பறக்கும் காலம் ஓய்ந்த பிறகே பூச்சிக்கு ஏற்ற தண்டாகிறது, அதனால் தப்புகிறது. இரண்டாம் தலைமுறை உண்டென்று தவறாக முடிவு கட்டினால், இந்தத் தாமத விதைப்பைக் கைவிட்டு உழவர் தேவையில்லாமல் தண்டின் அடியில் மருந்தடிப்பார்.