நடுங்கிய நிலமும் நகைத்த நாடும்

நகை பிறக்கும் களங்கள் நான்கு என்பது தொல்காப்பியர் கொள்கை. எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் அந்நான்கனுள் எள்ளலே முதலிடம் பெற்றுள்ளது. அவ்வெள்ளலையும் உரையாசிரியராகிய பேராசிரியர் இருவகையாகப் பிரித்துக் காட்டுவார். பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று. இவ்விருவகை நகைக்கும் இடமான ஊர் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அதன் பெயர் டட்லி.

2002ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், ஞாயிறு இரவு கழிந்து திங்கள் பிறந்த நேரம். மணி 12.53. ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது நிலம் நடுங்கிற்று. கட்டில்கள் அசைந்தன; சன்னல்கள் அதிர்ந்தன; மக்கள் இரவு உடையுடன் தெருவுக்கு ஓடிவந்தனர். நடுக்கத்தின் அளவு 4.7. அதன் மையம் டட்லி. வேல்சு, யார்க்சயர், இலண்டன் ஆகிய இடங்களிலும் அவ்வதிர்வு உணரப்பட்டது. சில புகைபோக்கிகளும் சுவர்களும் சேதமுற்றன. உயிரிழப்பு எதுவும் இல்லை. பின்னர்ச் சிறிய பின்னதிர்வு ஒன்று தோன்றி அடங்கியது.

நிலத்தின் அதிர்வு அடங்கியபின் நகையின் அதிர்வு தொடங்கிற்று. டட்லி மக்களுக்குத் துயர்துடைப்பு உதவி கோருவது போன்ற ஒரு போலி வேண்டுகோள் மின்னஞ்சல் வழியாக அலுவலகந்தோறும் பரவியது. அரசு உதவிப் பணத்தை எதிர்பார்த்து உறங்கிக் கிடந்தோர் உரிய நேரத்திற்கு முன்பே விழித்துவிட்டனர் என்றும், அவர்களுக்கு மலிவான உடைகளை அனுப்பி உதவுக என்றும் அந்த நையாண்டி அமைந்திருந்தது. சுருங்கச் சொன்னால், இடிந்தாலும் இழப்பில்லாத ஊர் டட்லி என்பதே அதன் உட்பொருள்.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. அந்த நையாண்டியில் நகைக்கு இடமானது நிலநடுக்கமா? அன்று. ஊர்ப்பெயரை நீக்கி, ஏளனத்திற்கு ஆளான வேறோர் ஏழை ஊரின் பெயரை அங்கே பொருத்தினாலும் அச்சிரிப்பு குறையாது. ஆகவே நிலநடுக்கம் வெறும் சாக்கு, இகழ்ச்சியே சரக்கு.

அவ்விகழ்ச்சி எங்கிருந்து வந்தது? டட்லியும் அதைச் சூழ்ந்த பகுதியும் 'பிளாக் கன்ட்ரி', அதாவது கருநிலம், எனப்படும். நிலக்கரி, இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும் அருகருகே கிடைத்த மண் அது. 1712ஆம் ஆண்டில் தாமசு நியூகோமன் தம் நீராவிப் பொறியை டட்லிக் கோட்டைக்கு அருகே நிறுவிச் சுரங்க நீரை இறைத்துக் காட்டினார். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நீராவி யுகத்திற்கு அது ஒரு தோற்றுவாய். டைட்டானிக் கப்பலின் மாபெரும் நடு நங்கூரம் டட்லியைச் சேர்ந்த நெதர்ட்டனில் உருவாக்கப்பட்டது. 15 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள அதனை, 1911ஆம் ஆண்டில் 20 குதிரைகள் டட்லி தொடருந்து நிலையத்திற்கு இழுத்துச் சென்றன. அருகிலுள்ள கிராட்லி ஈத்தில் சங்கிலி செய்த பெண்கள், மேரி மெக்கார்த்தரின் தலைமையில் 1910ஆம் ஆண்டில் பத்து வாரங்கள் போராடி, தங்களுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியைப் பெற்றனர். சோம்பேறிகளின் ஊர் என்று நகைக்கப்பட்ட நிலத்தின் உழைப்பு வரலாறு இது!

நாட்டைச் செழிக்கச் செய்த புகையே அந்நிலத்திற்குக் கரிய பெயரைத் தந்தது. பின்னர்ப் புகையும் போயிற்று, வேலையும் போயிற்று. பிளாக் கன்ட்ரியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான பாகரிட்சு 1968ஆம் ஆண்டிலும், ரவுண்ட் ஓக் எஃகு ஆலை 1982ஆம் ஆண்டின் இறுதியிலும் மூடப்பட்டன. வேலை இழந்தவனை 'வேலை செய்யாதவன்' என்று அழைப்பது எளிது. அச்சொல்மாற்றத்தில்தான் இகழ்ச்சி வேர்கொள்கிறது.

மொழியும் இகழ்ச்சிக்குத் தப்பவில்லை. அப்பகுதி மக்களின் பேச்சு வழக்கைக் கேலி செய்து, அண்டையிலுள்ள பர்மிங்காம் நகரத்தார் அவர்களுக்கு 'யாம் யாம்' என்று பட்டப்பெயர் சூட்டினர். ஆனால், பிற இடங்களில் வழக்கொழிந்த பழைய ஆங்கிலச் சொல்வடிவங்கள் சில அப்பேச்சில் நெடுங்காலம் நிலைத்து நின்றன. வட்டார வழக்கைக் கொச்சை என்று ஒதுக்குவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய உண்மை இது.

அப்படியாயின், டட்லி மக்கள் சிரிக்கத் தெரியாதவர்களா? அவர்களுடைய நாட்டுப்புறக் கதைகளில் அய்னக்கு, அய்லி என்னும் இரு நண்பர்கள் உலவுகின்றனர். ஈனாக்கு, ஈலை என்னும் பெயர்களின் வட்டார ஒலிப்பே அவை. இருவரும் பேதைகள்போல் தோன்றுவர்; பேச்சின் முடிவில் கேட்டவனைத் திகைக்க வைப்பர். தம் வறுமையையும் உழைப்பையும் பேச்சையும் வைத்துத் தாமே நகைக்கும் மரபு அது. துன்பத்தைக் கண்டு நகைக்குமாறு வள்ளுவர் கூறியது தனக்கு வந்த துன்பத்தைக் குறித்தே. விளையாட்டாக இகழ்ந்தாலும் அது துன்பமே என்று பண்புடைமை அதிகாரத்தில் அவரே எச்சரிக்கவும் செய்கிறார். அய்னக்கின் நகை முன்னதைச் சார்ந்தது. போலி வேண்டுகோளின் நகை பின்னதைச் சார்ந்தது.

மேலும், டட்லியில் நேர்ந்த சேதம் சிறிதாயிற்று என்றால், அதற்கு நன்றி சொல்ல வேண்டியது ஆழத்திற்கு. நடுக்கம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஆழத்தில் தோன்றியது. 1884ஆம் ஆண்டு ஏப்ரல் 22இல் இங்கிலாந்தின் கோல்செசுட்டர்ப் பகுதியை உலுக்கிய நடுக்கத்தின் அளவு 4.6 என்றே மதிப்பிடப்படுகிறது. ஆயினும் அது மேற்பரப்பிற்கு அருகே தோன்றியமையால் ஏறத்தாழ 1,200 கட்டடங்கள் சேதமுற்றன. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27இல் லிங்கன்சயரில் தோன்றிய 5.2 அளவு நடுக்கத்தின்போது, தொலைவிலுள்ள தென் யார்க்சயரில் புகைபோக்கி இடிந்து விழுந்து ஓர் இளைஞர் இடுப்பெலும்பு முறிந்தார். சிறு நடுக்கத்திற்கும் பெருந்துயருக்கும் இடையே உள்ள தொலைவு, சில கிலோமீட்டர் ஆழமோ விழும் செங்கல்லின் திசையோ மட்டுமே.

எந்த நிலம் நடுங்கியதற்காக நாடு நகைத்ததோ, அந்த நிலத்தையே அறிஞர் உலகம் நெடுங்காலமாகப் போற்றி வருகிறது. டட்லியின் ரென்சு நெசுட்டுக் குன்றில் 42 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல்வாழ் உயிர்களின் படிவங்கள் புதைந்துள்ளன. அங்குக் கிடைத்த டிரைலோபைட்டு ஒன்று 'டட்லிப் பூச்சி' எனப் பெயர்பெற்று, நகரின் பழைய சின்னத்திலும் இடம்பெற்றது. அக்குன்று 1956ஆம் ஆண்டில் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் பிளாக் கன்ட்ரி முழுவதும் யுனெசுகோவின் உலகப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாயிற்று.

ஓர் ஊரின் வரலாற்றை அறியாதவர்க்கே அவ்வூர் வெறும் நகைப்பொருளாகும். நகைப்பது குற்றமன்று. யாருடைய துயரில், எந்த இடத்தில் நின்றுகொண்டு நகைக்கிறோம் என்று எண்ணாமல் நகைப்பதே குற்றம். டட்லியில் நிலம் நடுங்கியது சில நொடிகளே. அந்நொடிகள் அங்குள்ள சில புகைபோக்கிகளைச் சாய்த்தன. அதைக் கண்டு நகைத்தவர்களின் உள்ளத்தையோ திறந்து காட்டின.