சலவை இரசாயனங்கள்: சுங்க வரியைத் தீர்மானிக்கும் நீர்ச் சோதனை

சலவைத் தூளிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் அழுக்கை அகற்றுபவை சர்ஃபாக்டன்ட் எனப்படும் இரசாயனங்கள். இவற்றின் இறக்குமதி வரி, சுங்கக் குறியீட்டு எண்ணைப் பொறுத்தது. எண்ணைத் தவறாகக் குறிப்பிடும் வர்த்தகர் வரி நிலுவையுடன் அபராதமும் செலுத்த நேரிடலாம்.

உலக சுங்க அமைப்பின் வகைப்பாட்டில் சோப்பு 3401 என்ற தலைப்பில் வருகிறது. ஏனைய கரிம சர்ஃபாக்டன்ட்டுகள் 3402-இல் அடங்கும். ஆனால் விற்பவர் சூட்டிய பெயர் மட்டும் இதற்குப் போதாது. பொருளை 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 0.5 சதவீத அளவில் நீரில் கலந்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். கரையாத பொருள் எதுவும் பிரியாமல், ஒளி ஊடுருவும் திரவமோ நிலையான பால்மமோ கிடைக்க வேண்டும். நீரின் பரப்பு இழுவிசையும் மீட்டருக்கு 0.045 நியூட்டன் அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். தூய நீரில் இது சுமார் 0.073. இரண்டில் ஒன்று தவறினாலும் அப்பொருள் சர்ஃபாக்டன்ட்டாக ஏற்கப்படாது.

தயாரான சலவைக் கலவைகளுக்கோ பொதியே முக்கியம். சில்லறை விற்பனைக்கான பொதியில் வந்தால் 3402.50, அதே கலவை பீப்பாய்களில் மொத்தமாக வந்தால் 3402.90.

2022 இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முன், சில்லறைப் பொதிக்குரிய எண் 3402.20 ஆக இருந்தது. சலவைத் தூள் ஆலைகள் பெருமளவில் வாங்கும் நேர்கோட்டு அல்கைல்பென்சீன் சல்போனிக் அமிலத்துக்கும் அத்திருத்தமே 3402.31 என்ற தனி எண்ணை வழங்கியது. முதல் ஆறு இலக்கங்களே நாடுகளுக்குப் பொதுவானவை. வரி விகிதத்தை ஒவ்வொரு நாடும் தானே நிர்ணயிக்கிறது.