எக்செல் இல்லாமல் எழுதிய எக்செல் கோப்பு

கோவை, திருப்பூர் நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். திரையில் எவ்வளவு விவரம் காட்டினாலும் கணக்குப் பிரிவிலிருந்து வருகிற கோரிக்கை ஒன்றுதான்: "சார், இதை எக்செல்ல எடுத்துக் குடுத்துடுங்க." இன்று அதற்குப் பைதானில் சில வரிகள் போதும். தலைப்பு தடித்த எழுத்தில் வரும், தொகைகள் வலப்புறம் ஒதுங்கி நிற்கும், அடியில் கூட்டல் சூத்திரமும் இருக்கும். இந்த வசதியை நமக்கு வாங்கித் தந்தவர்கள் சிலர். அவர்கள் பட்ட பாடு நம் தொழிலின் வரலாறு. இளையவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

1979-இல் விசிகால்க், 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் மெக்கின்டாஷில் எக்செல், 1987-இல் விண்டோஸில் எக்செல். விரிதாள் இப்படி வளர்ந்தது. தொண்ணூறுகளில் அலுவலகங்களைப் பிடித்துக்கொண்ட எக்செல்லின் '.xls' என்னும் எக்ஸ்எல்எஸ் கோப்போ எக்செல் படிப்பதற்காக எக்செல்லே எழுதிய இருமக் கோப்பு. வேறொரு நிரல் அதை எழுதுவது சுலபமாக இல்லை.

அதனால் குறுக்கு வழிகள் பிறந்தன. முதலாவது சிஎஸ்வி. காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து அது. தடிமனோ நிறமோ அகலமோ அதில் வைக்க முடியாது. அதோடு, திறக்கும்போது எது எண், எது தேதி என்று எக்செல் தானே ஊகிக்கிறது. வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் சுழியங்கள் போய்விடும். 15 இலக்கங்களுக்கு மேல் எக்செல் துல்லியம் காக்காது என்பதால் 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். இரண்டாவது வழி, இணையப் பக்க அட்டவணை ஒன்றை எழுதி எக்ஸ்எல்எஸ் என்று பெயர் மாற்றிக் கொடுப்பது. எக்செல் அதைத் திறக்கும். ஆனால் 2007 பதிப்பிலிருந்து, பெயரும் உள்ளடக்கமும் பொருந்தவில்லை என்று எச்சரித்துவிட்டுத்தான் திறந்தது. மூன்றாவது, சர்வரிலேயே எக்செல்லை நிறுவி நிரல் மூலம் இயக்குவது. ஆளில்லாத அறையில் அது ஒரு கேள்விப் பெட்டியைக் காட்டிவிட்டு 'சரி' என்று அழுத்த யாராவது வருவார்களா என்று காத்திருந்தால், மொத்த வேலையும் நின்றுபோகும். சர்வரில் அப்படி இயக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது.

நான்காவது வழிதான் கடினமானது: எக்செல் எழுதுகிற பைட்டுகளை நாமே எழுதுவது. ஜான் மெக்நமாரா 2000-இல் பெர்ல் மொழிக்கு வெளியிட்ட 'ஸ்ப்ரெட்ஷீட் ரைட்எக்செல்' என்ற லைப்ரரி அதைச் செய்தது. பழைய கோப்பு பதிவு பதிவாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு பதிவிலும் முதல் 2 பைட் அதன் வகை, அடுத்த 2 பைட் நீளம், பிறகு சரக்கு. 8,224 பைட்டைத் தாண்டினால் மீதியைத் தொடர்ச்சிப் பதிவில் வைக்க வேண்டும். இத்தனையும் 512 பைட் துண்டுகளாலான இன்னொரு கட்டமைப்புக்குள் அடங்கவேண்டும். ஒரு நீளம் தவறினாலும் எக்செல் திறக்க மறுக்கும். ஜாவா உலகில் அப்பாச்சி பிஓஐ குழு இதே வேலையில் இறங்கியது. ஓப்பன் ஆஃபிஸுக்காக டேனியல் ரென்ட்ஸ் இந்த வடிவத்தைப் பதிவு வாரியாக விளக்கும் பெரிய ஆவணம் ஒன்றை உருவாக்கினார். பல லைப்ரரிகளுக்கு அதுவே வழிகாட்டி. இருமக் கோப்புகளின் விவரக்குறிப்பை யாரும் இறக்கிக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2008 பிப்ரவரியில்.

எக்செல் மாதிரியே எழுதுவது என்றால் அதன் பிழையையும் எழுதுவதுதான். எக்செல்லில் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1-க்கு எண் 1. லோட்டஸ் 1-2-3 1900-ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்டது. உண்மையில் அது லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக எக்செல்லும் அதையே எடுத்துக்கொண்டது. அதனால் வரலாற்றில் வராத 1900 பிப்ரவரி 29-க்கு இன்றும் 60 என்ற எண் உண்டு. அந்த நாளுக்குப் பிந்தைய எந்தத் தேதியை எழுதினாலும், இந்த ஒரு நாளை லைப்ரரிகள் நமக்குத் தெரியாமலே கூட்டிக்கொள்கின்றன.

எக்செல் 2007-உடன் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வந்தது. இது எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜிப் செய்த பொதி; அவிழ்த்தால் கண்ணால் படிக்கலாம். 2010-இல் எரிக் கசோனி தொடங்கிய ஓப்பன்பைஎக்செல் பைதானுக்கு அதைப் படிக்கவும் எழுதவும் வழி தந்தது. மெக்நமாரா 2013-இல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரைத் தந்தார். எக்செல்லே உருவாக்கிய கோப்புகளோடு தன் வெளியீட்டை ஒப்பிட்டுச் சோதிப்பது அவர் முறை. அந்தக் கண்டிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

பழைய வடிவம் வரிசை எண்ணை 2 பைட்டில் வைத்ததால் 65,536 வரிசைகளோடு நின்றது, புதியதில் 10,48,576. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2020-இல் இங்கிலாந்து கண்டது. கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியதில் 15,841 பேரின் தொற்று விவரம் உரிய நேரத்தில் பதிவாகாமல் விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களை எச்சரிப்பதும் தாமதமானது.

ஆகவே கோப்பு வடிவம், கட்ட வடிவம் என்பவை அலங்காரம் அல்ல. நம் ஊர்த் தொகைகளையே பாருங்கள். விண்டோஸின் வட்டார அமைப்பு இந்தியாவுக்கு இல்லாவிட்டால் பன்னிரண்டரை லட்சம் 1,250,000 என்று தெரியும். 12,50,000 என்று காட்ட, கோடிக்கு மேல் ஒரு விதி, லட்சத்துக்கு மேல் ஒரு விதி, மற்றவற்றுக்கு ஒன்று என்று எண் வடிவத்தில் எழுதுகிறோம். இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் அதில் இடமில்லை. எனவே கழித்தல் குறியோடு வரும் பெரிய தொகைகளுக்கு வேறு வடிவம் தரவேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கணக்கு எண்ணை எழுத்தாக எழுதுங்கள், தொகையை எண்ணாக எழுதுங்கள், தேதியைத் தேதி வடிவம் பூண்ட எண்ணாக எழுதுங்கள். தேதியை எழுத்தாக எழுதிவிட்டால் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். வரிசைப்படுத்தும்போது எல்லா மாதத்து 1-ஆம் தேதிகளும் முதலில் வந்து நிற்கும். பைட்டுகளைச் சரியாக அடுக்கும் பொறுப்பை வேறு யாரோ நமக்காக ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது எது என்று சரியாகச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.